சூடு ஆறிய பிறகு பார்த்த கிளட்ச்

மூக்கர் என்றால்தான் அந்தப் பட்டறையில் அவரைத் தெரியும். மூக்கு அப்படியொன்றும் பெரிய மூக்கு அல்ல. "பேருக்கேத்த மூக்கா இருந்தா ஃபோட்டோவுலயாவது எடுப்பா இருந்திருக்கும்" என்று அவர் மனைவியே கிண்டல் செய்வாள். அது அவர் வேலை பார்த்த விதத்துக்கு விழுந்த பெயர். வண்டியிலிருந்து கழற்றிய கிளட்ச் பிளேட்டைக் கையில் வாங்குவார். கண்ணை மூடி ஒரே ஒரு முறை முகர்வார். "இது அளவுக்கு மீறி பாரம் ஏத்திக் கருகினது. அது ஆயில் இல்லாமக் கருகினது. இது லீவர விடாமப் பிடிச்சுக்கிட்டே ஓட்டினது." சொல்லிவிட்டு பிளேட்டைத் தகரத் தட்டில் போடுவார். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

அங்கே வருபவை எல்லாம் ஒரே கம்பெனியின் மூன்று சக்கர மோட்டார் சைக்கிள்கள். முன்னால் பார்த்தால் மோட்டார் சைக்கிள், பின்னால் இரண்டு சக்கரத்தின் மேல் ஒரு பெட்டி. ரொட்டி, சலவைத் துணி, சிமெண்ட் மூட்டை, ஐஸ் கட்டி என்று ஊரில் பாதிச் சரக்கு இந்தப் பெட்டிகளில்தான் போய்க்கொண்டிருந்தது. எஞ்சின் இருப்பது ஓட்டுகிறவனின் இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில். மத்தியான வெயிலில் வண்டியை விட்டு இறங்குகிற எவனும் பத்தடி தூரம் காலை அகட்டி வைத்துத்தான் நடப்பான். அந்த நடையைப் பார்த்தே "மூணு சக்கரக்காரன் வர்றான்" என்று சொல்லிவிடலாம்.

மூக்கரின் வலது உள்ளங்கையில் ஒரு நீளமான தழும்பு உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், அப்போதுதான் வந்து நின்ற வண்டியின் சைலன்சரைப் பிடித்துவிட்டார். தோல் அதிலேயே ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகுதான் பட்டறைச் சுவரில் சிவப்புப் பெயிண்டில் ஒரு வரி ஏறியது: "எஞ்சின் ஆறாமல் கை வைக்காதே." எழுதச் சொன்னது மேனேஜர், எழுதியது மூக்கர், அதுவும் இடது கையால். ஆகவே எழுத்துகள் கொஞ்சம் சாய்ந்திருக்கும். இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்தப் பட்டறையில் எந்த வண்டி வந்தாலும் முக்கால் மணி நேரம் நிழலில் நிற்கும். அதன் பிறகே சோதனை. நல்ல விதிதான். யாருக்கும் கை வேகவில்லை. ஆனால் அந்த ஒரு வரியால் ஒரு மனிதனின் பிழைப்பு வெந்தது என்று பின்னால் தெரியவந்தபோது, மூக்கருக்கு அந்தச் சுவரைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

கிளட்ச் என்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. லீவரைப் பிடித்தால் எஞ்சினும் சக்கரமும் பிரியும், விட்டால் சேரும். முழுக்கப் பிடிக்காமலும் முழுக்க விடாமலும் பாதியில் வைத்திருந்தால் பிளேட்டுகள் ஒன்றோடொன்று தேய்ந்து சூடாகிக் கருகும். அதற்குப் பெயர் ஹாஃப் கிளட்ச். மூக்கருக்கு இந்த ஹாஃப் கிளட்ச் ஓட்டுநர்கள் என்றாலே ஆகாது. பிளேட் கருகி வந்த எவனாவது "வண்டியிலதாண்ணே ஏதோ கோளாறு" என்று வாயெடுத்தால் போதும், தயாராக ஒரு பழமொழி வைத்திருப்பார்: "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்." பட்டறையே சிரிக்கும். வந்தவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போவான்.

சிரிப்போடு போய்விட்டால் பரவாயில்லை. புது வண்டிக்கு மூன்று ஆண்டு வரை வாரண்டி உண்டு. பிளேட் கருகினால் அது வண்டியின் குற்றமா, ஓட்டியவன் குற்றமா என்று ஒரு ஃபார்மில் எழுத வேண்டும். காரணம் என்ற கட்டத்தை நிரப்பிக் கையெழுத்துப் போடும் அதிகாரம் மூக்கருக்கு. ஒரு தாள் கம்பெனிக்கு, ஒரு தாள் வண்டியின் முதலாளிக்கு, ரோஸ் நிறத்தில் ஒரு தாள் ஓட்டுநருக்கு. அந்தக் கட்டத்தில் மூக்கர் பெரும்பாலும் எழுதியது இரண்டே சொற்கள்: ஓட்டுநர் தவறு.

அவர் தங்கையின் கணவனுக்கும் அதைத்தான் எழுதினார். ஒரு முறை இல்லை, மூன்று முறை.

மாப்பிள்ளை ஐஸ் கம்பெனியில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். அவரைவிட ஆறு வயது சின்னவன். அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே மூக்கர்தான். தினமும் காலையிலிருந்து மாலை வரை, ஈரச் சாக்கு போர்த்திய ஐஸ் கட்டிகளை ஏற்றிக்கொண்டு பாலத்து மேட்டைத் தாண்டி மீன் சந்தைக்குப் போவான். ஐஸ் என்பது காத்திருக்காத சரக்கு. பத்து நிமிடம் தாமதமானால் பத்து நிமிடத்துக்கான ஐஸ் ரோட்டில் ஓடிவிடும். மாப்பிள்ளை ஒரு நாளும் தாமதமானதில்லை. வேலை முடிந்தால் வண்டியைக் கழுவித் துடைத்து, பெட்டிக்குள் தேங்கிய தண்ணீரை வடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவான். "உங்க மேல விழற தண்ணியவிட அந்தப் பெட்டி மேல விழற தண்ணி அதிகம்" என்று தங்கை குளியலறை வாசலில் நின்று கத்துவாள். அவ்வளவு ஆசை அந்த வண்டி மேல்.

முதல் பிளேட் எட்டு மாதத்தில் கருகியது. மூக்கர் முகர்ந்து பார்த்துவிட்டு மாப்பிள்ளையை ஒரு பார்வை பார்த்தார். இரண்டாவது அடுத்த ஐந்தாம் மாதம். மூன்றாவது அதற்கடுத்த மூன்றாம் மாதம். மூன்றாம் முறை வந்தபோது மாப்பிள்ளை அவரைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்று சொன்னான்.

"மச்சான், வண்டி நல்லா சூடானதுக்கு அப்புறம் லீவர் இறுகுது. காலைல கொஞ்சம் ஆட்டம் இருக்கு, மத்தியானம் அந்த ஆட்டமே இல்ல. ஒரு நாள் மத்தியானம் என்கூட உக்காந்து வாங்களேன். நீங்களே பாத்துடலாம்."

லீவரைப் பிடிக்கத் தொடங்கும்போது ஒரு சிறு தளர்வு இருக்க வேண்டும். அந்த ஆட்டம் இல்லையென்றால், கையே வைக்காமல் இருந்தாலும் கிளட்ச் பாதி பிடித்த மாதிரிதான். மூக்கருக்கு இது தெரியாதா? தெரியும். நேராகப் போய், நிழலில் ஆறிக் கிடந்த வண்டியின் லீவரை விரலால் அசைத்துப் பார்த்தார். ஆட்டம் சரியான அளவில் இருந்தது.

"இந்தா, இருக்கே. உன் பேச்சக் கேட்டு நான் வெயில்ல ஊர்வலம் வரணுமா?"

"சூடா இருக்கும்போது பாருங்க மச்சான்னுதான்..."

"மாப்ள, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

நாலு பேர் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தான், சிரிக்காமல் இருந்தால் நன்றாக இருக்காது என்பதற்காக. மூக்கர் ஃபார்மை எழுதினார். சொந்தக்காரன் என்று சலுகை காட்டிவிட்டதாக யாரும் சொல்லிவிடக் கூடாது பாருங்கள், அதனால் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அழுத்தியே எழுதினார். ரோஸ் தாள் வரைக்கும் பேனா பதிந்தது.

ஐஸ் முதலாளி மூன்று ஃபார்மையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். சொந்த மச்சானே இவனுக்கு ஓட்டத் தெரியாது என்று மூன்று தடவை எழுதிக் கொடுத்த பிறகு அவர் வேறு என்ன செய்வார்? மாப்பிள்ளையை வண்டியிலிருந்து இறக்கி, குளிர் அறையில் ஐஸ் கட்டி இழுக்கும் வேலையில் போட்டார். இரும்புக் கொக்கியால் கட்டியைக் குத்தி இழுத்து அடுக்குகிற வேலை. அன்றிலிருந்து மூக்கர் தங்கை வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளை ஒரு வார்த்தை "வாங்க" என்பான், எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விடுவான். கோபமாக இருக்கிறான் என்று மூக்கர் நினைத்தார். அவருக்கும் ரோஷம். வேலையில் நேர்மையாக இருந்ததற்கு ஒருவன் முறைத்தால் முறைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். இரண்டு ஆண்டுகள் இப்படியே போயின.

அந்த இரண்டு ஆண்டுகளில் ஐஸ் வண்டிக்கு மூன்று ஓட்டுநர்கள் மாறினார்கள், நான்கு பிளேட் கருகின. அப்போதாவது மனுஷனுக்கு உறைத்திருக்க வேண்டும். "அந்தக் கம்பெனிக்கு ஓட்டத் தெரிஞ்ச ஒருத்தன்கூடக் கிடைக்க மாட்டேங்கறான்" என்று பரிதாபப்பட்டாரே ஒழிய, ஓட்டத் தெரியாதவர்கள் எல்லோரும் ஒரே வண்டியைத் தேடி வந்து ஏறுவார்களா என்று அவருக்குத் தோன்றவில்லை. கெட்டிக்காரர்களுக்கு மட்டுமே வருகிற முட்டாள்தனம் அது.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை ரீகால் வந்தது. வண்டி செய்த கம்பெனியே தன் தவறை ஒப்புக்கொண்டு, விற்ற வண்டிகளைத் திரும்பக் கூப்பிட்டு இலவசமாகச் சரிசெய்து கொடுப்பது. ஒரு படம், இரண்டு பக்கம் எழுத்து, கூடவே ஒரு பெட்டி நிறையப் புதுத் தகடுகள். மூக்கர் தேநீர் டம்ளரை ஒரு கையில் பிடித்துக்கொண்டு படித்தார். கிளட்ச் கேபிளைத் தாங்கும் தகடு எஞ்சினுக்கு மிக அருகில் இருக்கிறது. எஞ்சின் அதிகம் சூடானால் தகடு வளைந்து கேபிளை இழுக்கிறது. லீவரின் ஆட்டம் முழுவதும் மறைந்து பிளேட் கருகுகிறது. அதற்குக் கீழே ஒரு வரி: எஞ்சின் ஆறிய பின் சோதித்தால் இந்தக் குறை தெரியாது. அதற்கும் கீழே இன்னொன்று: ஓட்டும் முறைக்கும் இதற்கும் தொடர்பில்லை.

தேநீரில் ஆடை படிந்தது. அவர் குடிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு ரொட்டி வண்டி உள்ளே வந்து நின்றது. எஞ்சினிலிருந்து அனல் அலையலையாய் எழும்பிக்கொண்டிருந்தது. மூக்கர் சுவரில் இருந்த தன் கையெழுத்தைத் தாண்டிப் போய், இருபத்திரண்டு ஆண்டுகளில் முதல் முறையாக, ஆறாத வண்டியின் லீவரில் விரலை வைத்தார். துளி ஆட்டம் இல்லை. கவிழ்த்துப் போட்ட ஒரு வாளியின் மேல் அந்த வண்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை லீவரை அசைத்துப் பார்த்தார். பத்து நிமிடம், ஒன்றும் இல்லை. இருபது நிமிடத்தில் ஒரு நூல் அளவு ஆட்டம் வந்தது. முக்கால் மணி நேரத்தில் எல்லாம் சரியாகி, ஒன்றுமே நடக்காத மாதிரி லீவர் ஆடியது. அவர் எப்போதும் பார்க்க வருகிற நேரம் அது.

மாப்பிள்ளை கேட்டது ஒரே ஒரு மத்தியானம். அதைக்கூட அவர் கொடுக்கவில்லை. கூடம் கோணல்தான். ஆடினவள் ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டுதான் இருந்தாள்.

மேனேஜர் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"ரீகால் வேலைய மட்டும் பாருங்க. பழைய ஃபார்ம் எதையும் தொட வேண்டாம். கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாயிடும்."

"எத்தன ஃபார்ம் சார் இருக்கும்?"

"முப்பத்தோரு ஃபார்ம். எல்லாத்துலயும் உங்க கையெழுத்து. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

முப்பத்தொன்று. சலவைக்கடை ஓட்டுநர் ஒருவர் திக்கித் திக்கி ஏதோ சொல்ல வந்தது நினைவுக்கு வந்தது. அவர் சொல்லி முடிப்பதற்குள் மூக்கர் கையெழுத்துப் போட்டிருந்தார். சிமெண்ட் வண்டிக்காரன் ஒருவன் ரோஸ் தாளை எடுத்துப்போக மறுத்து, அதை வண்டி சீட்டின் மேலேயே வைத்துவிட்டு நடந்து போனான். அவன் முகம்கூட இப்போது சரியாக ஞாபகம் இல்லை. அவர்களெல்லாம் எங்கே என்ன செய்துகொண்டிருக்கிறார்களோ, யாருக்குத் தெரியும்.

அன்று வேலை முடிந்ததும் மூக்கர் தங்கை வீட்டுக்குப் போனார். முதல் மாடியில் இரண்டு அறை. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு பிளாஸ்டிக் பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்து இரண்டு கையையும் அதில் விட்டிருந்தான். குளிர் அறையிலிருந்து வந்தால் அரை மணி நேரம் இப்படி வைத்தால்தான் விரல் மடங்கும். இந்தக் கோடையிலும் காலில் தடித்த கம்பளி சாக்ஸ். அவரைப் பார்த்ததும் வழக்கம்போல "வாங்க" என்று எழப் பார்த்தான்.

"உக்காரு மாப்ள. எங்கயும் போகாத. ஒரு விஷயம் சொல்லணும்."

தங்கை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். மூக்கர் வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டுதான் வந்தார். வந்து நின்றபோது ஒன்றும் மிஞ்சவில்லை.

"வண்டிதான் தப்பு. நீ இல்ல. ரீகால் வந்திருக்கு."

மாப்பிள்ளை தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். "சும்மா சொல்லாதீங்க மச்சான். உங்க தங்கச்சி ஏதாச்சும் சொல்லி அழுதாளா?"

"நான் ஏன் அழப்போறேன்?" என்றாள் தங்கை.

மூக்கர் தாளை நீட்டினார். மாப்பிள்ளை ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினான். ஒரு முறை படித்தான். திரும்ப மேலேயிருந்து படித்தான். "ஆறிய பின் சோதித்தால்" என்ற வரியில் அவன் விரல் நின்றது, தாள் அங்கே நனைந்தது.

"நான் சொன்னேன்ல" என்றான், யாரிடமோ சொல்கிற மாதிரி.

"சொன்ன."

"நீங்க இல்லன்னீங்க. சரி, மூக்கர் மூக்கு பொய் சொல்லாது, நம்ம கையிலதான் ஏதோ கோளாறுன்னு நானும் விட்டுட்டேன். கூட வேலை செய்யறவங்ககிட்டயும் அப்படித்தான் சொன்னேன். எனக்கு ஓட்ட வராதுப்பான்னு."

மூக்கருக்கு அப்போதுதான் புரிந்தது. இரண்டு ஆண்டுகளாக அவரைக் கண்டதும் மொட்டை மாடிக்குப் போனது கோபத்தால் இல்லை. வெட்கத்தால். கோபப்பட்டிருந்தால் எவ்வளவோ தேவலை என்று இருந்தது.

கோபம் இருந்தது தங்கையிடம். கரண்டியும் கையுமாக வந்து நின்றாள். "அண்ணா, டிவி பாக்கும்போதுகூட இவரு இடது கை மடங்கி மடங்கி விரியும். லீவரப் பிடிச்சுப் பிடிச்சு விடறாரு. எங்க தப்பு பண்ணோம், எங்க தப்பு பண்ணோம்னு ரெண்டு வருஷமா அதே. பக்கத்து வீட்டு சைக்கிளக்கூடத் தொட மாட்டேங்கறாரு."

"தப்புதாம்மா. நான் செஞ்சது பெரிய தப்பு."

"எங்கிட்ட ஏன் சொல்ற? பேனா எடுத்து எழுதினல்ல, அதே பேனாவ எடுத்து எழுதிக் குடு. வாயால சொல்ற மன்னிப்ப வச்சு நான் என்ன ஊறுகாயா போடப்போறேன்?" உள்ளே போய் அலமாரியைத் திறந்து, துணிக்கு அடியிலிருந்து மூன்று ரோஸ் தாள்களை எடுத்து வந்து மேஜை மேல் போட்டாள். மூன்றாவது தாளில் எழுத்து அழுந்திப் பதிந்திருந்தது.

மூக்கர் அந்த மேஜையிலேயே உட்கார்ந்து ஐஸ் முதலாளிக்கு எழுதினார். மூன்று தேதி, வண்டி எண், மூன்று ஃபார்மிலும் எழுதியது தவறு, எஞ்சின் ஆறிய பிறகே பார்த்ததால் குறை தெரியவில்லை, சூடாக இருக்கும்போது பார்க்கச் சொல்லி ஓட்டுநர் கேட்டும் பார்க்கவில்லை. கடைசி வரியை எழுதுவதற்கு முன் கொஞ்ச நேரம் பேனாவை மூடி வைத்திருந்தார். பிறகு திறந்து அதையும் எழுதினார்.

மறுநாள் அந்தக் கடிதத்தின் நகலை மேனேஜர் மேஜையிலும் வைத்தார். மேனேஜர் கத்தவில்லை. "உங்க மூக்கு மேல ஊருக்கே ஒரு மரியாத இருந்துச்சு. நீங்களே அறுத்துக்கிட்டீங்க" என்றார். பழைய ஃபார்ம் ஃபைல் அன்றே அலமாரிக்குள் போய்ப் பூட்டப்பட்டது. ஃபார்ம் எழுதும் வேலையும் மூக்கரிடமிருந்து போயிற்று. இனி அவருக்கு ரீகால் தகடு மாட்டுவதும் ஆயில் மாற்றுவதும்தான். மீதி இருபத்தெட்டு ஃபார்முக்கும் இப்படி எழுத அவரிடம் பெயரும் இல்லை, தாளும் இல்லை. வருகிற ஓட்டுநர்களிடம் எல்லாம் அந்தச் சலவைக்கடைக்காரரைத் தெரியுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். தெரியும் என்று இதுவரை யாரும் சொல்லவில்லை.

ஐஸ் முதலாளி கடிதத்தைப் படித்துவிட்டு மூக்கை விரலால் தேய்த்தார். "வண்டி இப்ப சும்மாதான் நிக்குது, ஓட்டினவன் போன வாரம் நின்னுட்டான். நீங்களே தப்புன்னு எழுதிக் குடுத்துட்டீங்க, சரி. ஆனா இவன் ரெண்டு வருஷமா ஓட்டலையே. ஒரு தடவ முழு லோடோட பாலத்து மேட்டுல ஏத்திக் காட்டட்டும். ஏத்திட்டா நாளையிலேர்ந்து வண்டி அவன்து."

வண்டி பட்டறைக்கு வந்தது. புதுத் தகட்டை மூக்கரே மாட்டினார். எஞ்சினை அரை மணி நேரம் ஓடவிட்டு, சூட்டோடு சூடாக லீவரைச் சோதித்தார். ஆட்டம் இருந்தது. இன்னொரு முறையும் சோதித்தார்.

மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஐஸ் ஏற்றினார்கள். மாப்பிள்ளை வண்டியில் ஏறி உட்கார்ந்து கைப்பிடியைத் துடைத்தான், கண்ணாடியைத் துடைத்தான், துடைத்ததையே துடைத்தான். மூக்கர் அவனுக்குப் பின்னால், பெட்டியின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார். சமதரையில் வண்டி ஒழுங்காகத்தான் போயிற்று. பாலத்து மேட்டில் பாதி ஏறியபோது மேலே சிவப்பு விளக்கு விழுந்தது. வண்டி சரிவில் நின்றது. பின்னால் ஒரு லாரி, அதற்குப் பின்னால் ஒரு பஸ்.

பச்சை விழுந்தது. மாப்பிள்ளை லீவரை ஒரே அடியாக விட்டான். வண்டி ஒரு குலுக்கு குலுக்கி அணைந்தது. ஒரு சாண் பின்னால் உருண்டது. பிரேக்கைப் பிடித்தான். லாரிக்காரன் ஹாரனில் கையை வைத்தான், எடுக்கவில்லை. மறுபடி கிளப்பினான். மறுபடியும் அதே மாதிரி சட்டென்று லீவரை விட்டான், மறுபடியும் அணைந்தது. சாக்கிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டி, சரிவில் கோடு போட்டு லாரியின் சக்கரம் வரை ஓடிக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளை கைப்பிடியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். கழுத்தெல்லாம் வேர்வை. "பாத்தீங்களா மச்சான்? வண்டி இல்ல. கைதான். நான் சொல்லல?"

மூக்கர் அந்த இடது கையைப் பார்த்தார். மடியில் கிடந்தபடியே மடங்கி மடங்கி விரிந்தது. அது ஓட்டத் தெரியாத கை இல்லை. பாதியில் பிடித்துவிடுவோமோ என்று பயந்துபோன கை. அந்தப் பயத்தை எழுதிக் கொடுத்தது யார் என்று அவருக்குத் தெரியும்.

"மாப்ள, முன்னாடியெல்லாம் இந்த மேட்டுல எப்படி எடுப்ப?"

"அது... கொஞ்சம் பாதியில பிடிச்சு... நீங்கதான் அது கூடாதுன்னு..."

"பிடி."

"மச்சான்?"

"பாதியில பிடி. மேட்டுல நின்னா எவனும் அப்படித்தான் எடுப்பான். நானும் அப்படித்தான் எடுப்பேன். இது எனக்குத் தெரியாததில்ல, தெரிஞ்சுதான் வாய் கிழியப் பேசினேன்."

"ஃபார்ம்ல எழுதிட்டா?"

"எழுதற ஆளு இப்ப நான் இல்ல. பிடிடா."

மாப்பிள்ளை வண்டியைக் கிளப்பினான். லீவரை மெதுவாக விட்டான், பாதியில் நிறுத்தினான். எஞ்சின் ஒரு கணம் முனகியது. வண்டி பின்னால் போகவில்லை. பிறகு முன்னால் நகர்ந்தது, ஒரு முழம், ஒரு ஆள் தூரம். ஹாரன் நின்றது. முழு லோடோடு வண்டி மேட்டில் ஏறத் தொடங்கியது.

உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் லேசாக அந்தக் கருகல் வாசனை எழுந்தது. பின்னால் இருந்த மூக்கருக்கு முன்பே மாப்பிள்ளைக்கு எட்டிவிட்டது. அவன் தோள் இறுகியது, தலையைத் திருப்பாமலே கேட்டான்.

"வாசன வருதா மச்சான்?"

மூக்கர் ஒரு முறை நன்றாக இழுத்து முகர்ந்தார். இருபத்திரண்டு ஆண்டில் அந்த விஷயத்தில் மட்டும் அவர் பொய் சொன்னதில்லை.

"வருது" என்றார். "வரட்டும். நீ ஓட்டு."